கல்லீரல் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதத்துக்கான ஆன்டிபாடி: ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பயோபோலிசிலும் கென்ட் ரிட்ஜிலும் ஊட்ரம் பக்கத்து மருத்துவமனை வளாகத்திலும் தமிழ் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் ஆய்வுக்கூட வேலைக்கு வருகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வருபவர்கள், முதலாண்டு முனைவர் பட்ட மாணவர்கள், ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஆய்வு உதவியாளர்கள் என்று பல தரம். செய்முறையை ஆங்கிலத்தில் படித்துவிட்டுச் சந்தேகத்தைத் தமிழில் கேட்கிறவர்களுக்காகவே, கல்லீரல் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டும் ஆன்டிபாடியைப் பற்றிய இந்தப் பக்கம். ஜெல் ஓட்டிப் பழகியவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இந்தப் புரதத்துக்கு என்ன வேலை? அதைத் தெரிந்துகொண்டால் ஆன்டிபாடி வாங்க உதவுமா?

உதவும். கொழுப்பமிலம் தண்ணீரில் கரையாது. செல்லுக்குள் அதை ஏந்திக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா, பெராக்சிசோம், உட்கரு என்று சேர்ப்பிக்க ஒரு புரதம் தேவை. கல்லீரலில் அந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது இதுதான். 127 அமினோ அமிலங்கள், எடை ஏறக்குறைய 14 கிலோடால்டன். பத்து பீட்டா இழைகள் பீப்பாய் வடிவில் வளைந்து நிற்கும். வாயருகே இரண்டு ஆல்ஃபா சுருள்கள். இதே குடும்பத்துப் புரதங்கள் மற்றவை ஒரு கொழுப்பமிலத்தைப் பிடிக்க, இது இரண்டைப் பிடிக்கும். பித்த அமிலம், ஹீம் போன்றவையும் இதில் ஒட்டும்.

1969இல் லெவி, கட்மைத்தான், ஏரியாஸ் ஆகிய மூவரும் கல்லீரல் சாற்றில் பிலிரூபினைப் பிடிக்கும் இரு புரதப் பகுதிகளைப் பிரித்து ஒய், இசட் என்று பெயரிட்டார்கள். 1972இல் ஆக்னர் குழுவினர் கொழுப்பமிலத்தைப் பிடிக்கும் புரதத்தைக் குடல், கல்லீரல், இதயத் தசை எனப் பல திசுக்களில் காட்டினார்கள். இசட் பகுதியும் இதுவும் ஒன்றே என்பது பிறகு தெளிவானது. பழைய கட்டுரைகளில் ‘இசட் புரதம்’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

வாங்குவதற்கு முன் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இது மிகச் சிறிய புரதம். இன்னொன்று, கல்லீரல் செல்லில் இது கொட்டிக் கிடக்கிறது. சைட்டோசால் புரதத்தில் நூற்றுக்குச் சில பங்கு இது மட்டுமே. கீழே வரும் தலைவலிகளில் பாதி இந்த இரண்டிலிருந்து கிளம்புபவைதான்.

எந்தப் பெயரில் தேடுவது?

எஃப்ஏபிபி1 (FABP1) என்ற மரபணுப் பெயரில் தேடுங்கள். எல்-எஃப்ஏபிபி, எஃப்ஏபிபிஎல் என்றும் விலைப்பட்டியலில் வரும். வெறும் ‘எஃப்ஏபிபி’ என்று தேடினால் இதயத்துடையதும் (எண் 3) கொழுப்புத் திசுவினுடையதும் (எண் 4) சேர்ந்து வந்து நிற்கும்.

மோனோகுளோனல் வாங்கலாமா, பாலிகுளோனல் போதுமா?

வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை) மட்டும் ஓட்டப் போகிறீர்கள், ஒரு பருவத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றால் நல்ல முயல் பாலிகுளோனல் போதும். ஒரே புரதத்தின் பல இடங்களை அது பிடிப்பதால் சமிக்ஞை வலுவாக இருக்கும். ஆனால் அந்த முயல் என்றைக்கும் இருக்கப் போவதில்லை. அடுத்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வேறு முயல், வேறு கலவை.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஹைப்ரிடோமா முறையைக் காட்டிய பிறகு ஒரே குளோனிலிருந்து (ஒரே செல்லின் வழித்தோன்றல்களிலிருந்து) ஒரே ஆன்டிபாடியை, அதாவது மோனோகுளோனலைத் தொடர்ந்து எடுக்க முடிந்தது. இப்போது ஒரு படி மேலே போய், ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே வைத்துச் செல்லில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகை வந்திருக்கிறது. மூன்று நான்கு வருட ஆய்வு, நடுவில் ஆள் மாறுவார்கள், லாட் மாறும் என்றால் நான் ரீகாம்பினன்டைத்தான் சொல்வேன். குப்பிக்குச் சில நூறு வெள்ளி, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று கணக்குப் போட்டால் முதலில் கையைக் கடிக்கும். லாட் மாறியதால் பழைய தரவையும் புதிய தரவையும் ஒப்பிட முடியாமல் போனால் ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

மோனோகுளோனல் என்றால் எல்லா முறைக்கும் ஒத்துவருமா?

வராது. மோனோகுளோனல் ஒரே ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடம் மடிந்த பீப்பாயின் வெளிப்புறத்தில், வரிசையில் தூரத் தூர இருக்கும் அமினோ அமிலங்கள் சேர்ந்து உண்டாக்கியது என்றால், எலைசாவில் (மடிந்த புரதத்தைக் கிணற்றுத் தட்டில் ஆன்டிபாடியால் அளக்கும் முறை) பிரமாதமாக இருக்கும். புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ் போட்டுக் கொதிக்கவைத்த பின் வெஸ்டர்னில் ஒன்றும் காட்டாது. ஃபார்மலினில் ஊறிய திசுவுக்கு வேறு கணக்கு. ஆகவே ‘மேற்கோள் 200 கட்டுரைகள்’ என்ற எண்ணைப் பார்ப்பதைவிட, அந்தக் கட்டுரைகளில் எத்தனை உங்கள் முறையில், உங்கள் உயிரினத்தில் செய்யப்பட்டவை என்று பாருங்கள்.

மனித மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. இந்தப் புரதத்தில் 94ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் அலனின் இருப்பது மக்களிடையே பரவலாகக் காணப்படும் மாறுபாடு. பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டை) வைத்து உண்டாக்கிய ஆன்டிபாடி என்றால், அந்தப் பெப்டைடு 94ஆம் இடத்தைத் தொடுகிறதா என்று நிறுவனத்தாரிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

‘நாக்அவுட்டில் சரிபார்க்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்களே, அதற்கு மேல் நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

அந்த முத்திரை நல்ல அடையாளம், சந்தேகமில்லை. 2016இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான பன்னாட்டுப் பணிக்குழு ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்கியோ குறைத்தோ பார்ப்பது, ஆன்டிபாடி இல்லாத வேறொரு முறையோடு ஒப்பிடுவது, வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, டேக் இணைத்த புரதத்தோடு ஒப்பிடுவது, ஆன்டிபாடி இழுத்துவருவதை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பது. நாக்அவுட் இதில் முதலாவது, வலுவானதும்கூட.

ஆனால் நிறுவனம் நாக்அவுட் காட்டியது ஒரு செல் வரிசையில், வெஸ்டர்னில். நீங்கள் சாயம் ஏற்றப் போவது மருத்துவமனைப் பாரஃபின் கட்டியிலிருந்து வெட்டிய திசுவில். அங்கே அந்த முத்திரை பேசாது. நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் மாதிரிதான் பேசும். இந்தப் புரதத்துக்கு அது பெரிய செலவும் இல்லை: கல்லீரல் சாறு இருந்தால் நேர்மறை ஆயிற்று, ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லும் ஆகும். எதிர்மறைக்கு, இந்தப் புரதம் இல்லாத ஹீலா செல் போதும். செல் வேலை என்றால் ஹெப்ஜி2இல் மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ போட்டுப் பட்டை குறைகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் அந்த ஆண்டு முழுக்க நிம்மதி.

குடல் திசுவில் 14 கிலோடால்டனில் அழகான பட்டை வருகிறது. சரிதானே?

அவசரப்படாதீர்கள். சிறுகுடலில் எஃப்ஏபிபி1 இருக்கிறது, எஃப்ஏபிபி2வும் இருக்கிறது, கடைக்குடல் பக்கம் எஃப்ஏபிபி6உம் சேர்ந்துகொள்ளும். மூன்றும் 14, 15 கிலோடால்டனுக்குள் அடக்கம். பட்டையின் இடத்தை வைத்து எது எது என்று சொல்லவே முடியாது. கல்லீரலில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது. குடலில் நிச்சயம் வரும்.

மூன்று புரதங்களின் ரீகாம்பினன்ட் வடிவத்தையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் சில நானோகிராமை ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். குறிப்பாக 6 வேண்டும். வரிசையில் 1க்கு நெருங்கிய உறவு அதுதான். உங்கள் ஆன்டிபாடி 1ஐ மட்டும் காட்டினால் குடல் தரவை நம்பலாம். இந்த ஒரு ஜெல் இல்லாமல் குடல் படத்தோடு வரும் வரைவுக் கட்டுரையை நான் திருப்பித்தான் அனுப்புவேன்.

வெஸ்டர்னில் பட்டையே இல்லை. கல்லீரல் சாறுதான் போட்டேன். ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டதா?

ஆன்டிபாடியைத் திட்டுவதற்கு முன் புரதம் மெம்பிரேனில் இருக்கிறதா என்று பாருங்கள். 14 கிலோடால்டன் புரதத்துக்கு ஓடிப்போக மூன்று வாசல் உண்டு.

முதல் வாசல் ஜெல்லின் அடிப்பகுதி. பத்து விழுக்காட்டு ஜெல்லில் ஆக்டினைப் பார்த்துப் பழகிய கை, நீலச் சாயம் அடியைத் தொடும்வரை ஓட்டிவிடும். சாயத்தோடு சேர்ந்து நம் புரதமும் பஃபருக்குள் போய்விடும். 15 விழுக்காடு ஜெல்லோ 4 முதல் 20 வரையிலான கிரேடியன்ட் ஜெல்லோ எடுங்கள், சாயம் அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே இருக்கும்போதே நிறுத்துங்கள்.

இரண்டாவது வாசல் மெம்பிரேன். 0.45 மைக்ரான் துளையில் சிறிய புரதம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் போடுங்கள். இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதல் மெம்பிரேனுக்குப் பின்னால் இன்னொன்றை வைத்து, இரண்டையும் ஆன்டிபாடியில் போட்டுப் பாருங்கள். பின்னால் வைத்ததில் பட்டை தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது: நேரத்தைக் குறைக்க வேண்டும், மெத்தனால் இருபது விழுக்காடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாசல் கத்தி. ஒரே மெம்பிரேனில் இரண்டு ஆன்டிபாடி பார்க்கலாம் என்று 25 கிலோடால்டன் குறியில் வெட்டி, கீழ்த் துண்டைக் குப்பையில் போடுகிறார்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கல்லீரலில் இது ஏராளம் என்பதால் 40 மைக்ரோகிராம் சாறு போட்டால் பட்டை கருப்புக் குமிழாக ஊதி, இருபக்கத்துக் கிணறுகளுக்கும் வழியும். அந்தப் பட்டையை அளந்து ‘கொழுப்புக் கல்லீரலில் 1.3 மடங்கு கூடியது’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. கேமரா எப்போதோ நிரம்பிவிட்டது. கல்லீரலுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராமில் தொடங்குங்கள். 2, 4, 8, 16 என்று ஏற்றி ஒரு ஜெல் ஓட்டி, சமிக்ஞை எதுவரை நேர்கோட்டில் ஏறுகிறது என்று பார்த்தபின் அளவை முடிவு செய்யுங்கள்.

சுத்திகரித்த புரதம் வாங்கினேன். நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்துப் புரதத்தை அளக்கும் கருவி) ஒன்றும் காட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக டிரிப்டோபானும் டைரோசினும். மனித எஃப்ஏபிபி1இல் டிரிப்டோபான் ஒன்றுகூடக் கிடையாது; டைரோசின் ஒன்றே ஒன்று, ஏழாவது இடத்தில். ஆகவே குப்பியில் புரதம் இருந்தாலும் கருவி ஏறக்குறையச் சுழியம் காட்டும். பிசிஏ என்ற நிறமாற்ற முறையில் அளந்துகொள்ளுங்கள்.

டிரிப்டோபானை ஒளிரவைத்துப் புரதத்தைக் காட்டும் ‘சாயமில்லா’ ஜெல்களிலும் இது தெரியாது. கூமாசிச் சாயம் போட்டால் தெரியும். இதைப் பற்றி எந்தக் கிட் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா, மனிதச் சிறுநீரகத்தில் நன்றாக வந்தது, சுண்டெலிச் சிறுநீரகத்தில் ஒன்றுமே இல்லை. மனிதப் புரதத்துக்கு மட்டுமான ஆன்டிபாடியா?

இருக்கலாம் தம்பி, ஆனால் முதல் சந்தேகம் அதுவாக இருக்கக்கூடாது. சுண்டெலியின் கல்லீரலையும் அதே மெம்பிரேனில் ஓட்டினாயா? அதில் வந்தால் ஆன்டிபாடி மேல் குற்றமில்லை. மனிதச் சிறுநீரகத்தில் அண்மைச் சுருள்குழல் செல்களில் எஃப்ஏபிபி1 இருக்கிறது. சாதாரணச் சுண்டெலியின் சிறுநீரகத்தில் அது இயல்பாக வெளிப்படுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித மரபணுவைப் புகுத்திய சுண்டெலிகளை உருவாக்கிச் சிறுநீரக ஆய்வு செய்ததே இதனால்தான்.

மனிதப் புரதமும் சுண்டெலிப் புரதமும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை. பாலிகுளோனல் பெரும்பாலும் இரண்டையும் பிடிக்கும். மோனோகுளோனல் என்றால் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

திசுச் சாயத்தில் கல்லீரல் முழுக்கப் பழுப்பு. இது உண்மையா, வெறும் பின்னணியா?

கல்லீரல் செல்கள் எல்லாம் சீராகச் சைட்டோபிளாசத்தில் சாயம் ஏற்றிருந்தால் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். சில உட்கருக்களும் ஏற்கும், அதுவும் இயல்பே. பார்க்க வேண்டிய இடம் வேறு: போர்ட்டல் பகுதிக்குப் போய்ப் பித்த நாளத்தையும் ரத்தக் குழாய்ச் சுவரையும் பாருங்கள். அவை நீலமாகவே இருக்க வேண்டும். அவையும் பழுப்பென்றால் ஆன்டிபாடி அடர்த்தி கூடிப்போயிருக்கும், அல்லது திசுவின் சொந்த நொதியை அடக்கும் பெராக்சைடு படி ஒழுங்காக நடந்திருக்காது.

இன்னொரு வில்லன் பயோட்டின். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அது இயல்பாகவே நிறைய இருக்கிறது. பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினைச் சார்ந்த பழைய கிட்டைப் போட்டால், முதன்மை ஆன்டிபாடி இல்லாத சிலைடுகூடப் பழுப்பாகும். பாலிமர் வகைக் கிட்டுக்கு மாறிவிடுங்கள். ஒளிர்சாயம் பார்ப்பவர்களுக்கு லிப்போஃபுசின் தொல்லை: வயதானவர்களின் கல்லீரலில் பச்சையிலும் சிவப்பிலும் தானாகவே மின்னும் துகள்கள். எந்த ஆன்டிபாடியும் போடாத ஒரு சிலைடை எப்போதும் கூடவே வையுங்கள்.

சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடி போட்டால் இரண்டாம் ஆன்டிபாடி திசுவிலுள்ள இம்யூனோகுளோபுலினையெல்லாம் பிடித்துக்கொள்ளும். முயல் ஆன்டிபாடி வாங்குங்கள், வேலை மிச்சம்.

நோயியல் துறையில் இந்தச் சாயத்தை எதற்குக் கேட்கிறார்கள்?

கல்லீரல் அடினோமா என்ற கட்டியை வகை பிரிப்பதற்கு. எச்என்எஃப்1ஏ என்ற மரபணுதான் எஃப்ஏபிபி1 வெளிப்பாட்டை முடுக்கிவிடுவது. அது செயலிழந்த அடினோமாவில் கட்டிக்குள் எஃப்ஏபிபி1 காணாமல் போகும், சுற்றியுள்ள சாதாரணக் கல்லீரலில் அப்படியே இருக்கும். பிரான்சின் போர்தோ குழுவினர் நிலைநிறுத்திய முறை இது. அடினோமாக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின் இந்த வகை. மற்ற வகைகளுக்குக் குளூட்டமின் சிந்தடேஸ், சிஆர்பி, எஸ்ஏஏ என்று வேறு சாயங்கள்.

இங்கே தேடுவது சாயம் இல்லாமையை. இல்லாமையை நம்ப வேண்டுமென்றால் அதே சிலைடில் சுற்றுப்புறக் கல்லீரல் பழுப்பாக இருந்தே ஆக வேண்டும். ஊசித் துணுக்கில் கட்டி மட்டும் வந்து சாதாரணத் திசு வராதபோது, வெளிக் கன்ட்ரோலை மட்டும் நம்பி முடிவு எழுதுவது ஆபத்து. அந்தத் துணுக்கு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது கன்ட்ரோல் சிலைடுக்குத் தெரியாது. சில கல்லீரல் புற்றுக் கட்டிகளிலும் எஃப்ஏபிபி1 மறையும் என்பதால், சாயம் இல்லை என்றதுமே அடினோமா என்று எழுதிவிடவும் முடியாது. அந்த முடிவு நோயியல் மருத்துவருடையது, நம்முடையதில்லை.

எச்என்எஃப்1ஏவில் பிறவி மாற்றம் இருப்பவர்களுக்கு மோடி3 எனப்படும் இளவயது நீரிழிவு வரும். அதனால் சில சமயம் இந்த ஒரு சிலைடு குடும்ப வரலாற்றைக் கேட்கவைக்கும்.

அம்மாவுக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று பாலிகிளினிக்கில் சொன்னார்கள். இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லட்டுமா?

வேண்டாம். 2023 முதல் மாஸ்ல்டி என்று பெயர் மாறியிருக்கும் அந்த நோய்க்கு மருத்துவர்கள் பார்ப்பது ரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள், பிளேட்லெட், பிறகு ஸ்கேன். இங்கே பேசும் ஆன்டிபாடிகள் ஆய்வுக்கானவை.

சிறுநீரில் எலைசா செய்யலாமா?

தாராளமாக. ஆக்சிஜன் குறைவாலோ நஞ்சாலோ சுருள்குழல் நோகும்போது இந்தப் புரதம் சிறுநீரில் கூடும். ஜப்பானில் 2011இல் சிறுநீர் எல்-எஃப்ஏபிபி சோதனை பொதுக் காப்பீட்டுக்குள் வந்தது. சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணமே நீரிழிவு என்பதால், இங்கேயும் இதில் ஆர்வம் இருப்பது இயல்பு.

சிறுநீரைச் சுழற்றித் தெளிந்ததை எடுங்கள், சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், உருக்கிய குழாயை மறுபடி உறைய வைக்காதீர்கள். முடிவைக் கிரியாட்டினினால் வகுத்துச் சொல்லுங்கள். நம் வெயிலில் மத்தியானம் நடந்து வந்தவரின் சிறுநீரும் காலையில் இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரும் ஒரே அடர்த்தியில் இருக்காது. புதுக் கிட் என்றால் ஒரு மாதிரியை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்து, திருப்பிப் பெருக்கினால் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். மிக அடர்ந்த மாதிரியில் எலைசாவின் இரு ஆன்டிபாடிகளும் (பிடிப்பதும் காட்டுவதும்) தனித்தனியே நிரம்பி, எண் பொய்யாகக் குறைந்து காட்டுவதும் உண்டு. நீர்த்துப் பார்த்தால் அது அம்பலமாகும்.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்று பெட்டியில் இருந்தால் அந்த எண்ணை நோயாளியிடம் சொல்லக்கூடாது. மனிதர்களிடம் சிறுநீரோ திசுவோ வாங்குவதற்கு முன் நெறிமுறைக் குழு அனுமதியும் ஒப்புதலும் வேண்டும். 2015இன் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இங்கே நடப்பில் உள்ளது.

எப்படிப் பாதுகாப்பது?

வந்தவுடன் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்துவிடுங்கள். பாதி கிளிசரால் கலந்து வருவது மைனஸ் 20இல் உறையாது, அதைப் பிரிக்காமலே வைக்கலாம். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம், அது அவ்வப்போது சூடேறி இறங்கும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் ஃப்ரீசர் கதவை நீங்கள் நின்று யோசிக்கும் நேரமெல்லாம் பனி ஏறும். காகித லேபிள் நனைந்து உரிந்து, எந்தக் குழாய் எது என்று தெரியாத நிலை வரும். மூடியிலும் பக்கத்திலும் ஆல்கஹாலுக்கு அழியாத பேனாவால் எழுதுங்கள். குளிர்ந்த குப்பியைத் திறக்குமுன் ஒரு சுற்றுச் சுழற்றி, மூடியில் ஒட்டிய துளியை இறக்குங்கள்.

ஆர்டர் போடும் நாளும் முக்கியம். வெள்ளிக்கிழமை மாலை சாங்கிக்கு வந்த பெட்டி திங்கள்வரை ஐஸ் கட்டியை நம்பித்தான் இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் எதையும் வரவழைக்காதீர்கள்.

கெடாமலிருக்க அசைடு கலந்த ஆன்டிபாடியை எச்ஆர்பியோடு சேர்த்து வைக்காதீர்கள், அசைடு அந்த நொதியை முடக்கும். நீங்களே சாயம் இணைக்கப் போகிறீர்கள் என்றால் பிஎஸ்ஏவும் (மாட்டு அல்புமின்) அசைடும் இல்லாத வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து ஆய்வுக்கூடத்துக் குப்பியைக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம். லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை முறை உருகியது என்று கேளுங்கள். ‘எப்போதோ வாங்கியது’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுப் புதிது ஆர்டர் செய்யுங்கள்.

கட்டுரையில் ஆன்டிபாடி பற்றி என்னென்ன எழுத வேண்டும்?

நிறுவனம், பட்டியல் எண், லாட் எண், குளோன், எந்த விலங்கு, ஆர்ஆர்ஐடி அடையாள எண், முறைவாரியாக நீர்த்த அளவு, அடைகாத்த நேரமும் வெப்பநிலையும். திசுச் சாயமென்றால் ஆன்டிஜென் மீட்புக்கு எந்த பஃபர், எந்த பிஎச் என்பதும் வேண்டும். சிட்ரேட் 6க்கும் டிரிஸ்-ஈடிடிஏ 9க்கும் படம் மாறும். வெஸ்டர்னுக்கு, வெட்டாத முழு மெம்பிரேன் படத்தை இணைப்பில் கொடுங்கள். கீழ் ஓரம் 10 கிலோடால்டன் குறிவரை தெரிய வேண்டும்.